ஏணி வரிசையும் கரிசல் வெடிப்பும்

திருவேங்கடத்தைச் சுற்றியுள்ள கரிசல் காட்டில் சித்திரை மாத வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். ஐப்பசி மழையில் அதே நிலம் உப்பி, வெடிப்பு மூடி, காலிலிருந்து செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். கரிசலில் உள்ள மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் ஏடு ஏடாக அடுக்கப்பட்டது. ஏட்டுக்குள் அணுக்களின் கட்டு வலுவானது. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் நடுவில் உள்ள பிடி தளர்வானது. அயனிகளுக்கும் அதில் பங்குண்டு. தண்ணீர் புகுவதும் வெளியேறுவதும் அந்த இடுக்கில்தான். ஏடு உடைவதில்லை.

உள்கட்டு வேறு, இடைப்பிடி வேறு. மூலக்கூறுகளுக்கு இடையேயான ஈர்ப்பு விசைப் பாடத்தின் உயிர் இதுதான். பிளஸ் ஒன் மாணவன் மனப்பாடம் செய்வதோ ஒரு வலிமை ஏணியை: ஹைட்ரஜன் பிணைப்பு மேலே, இருமுனை விசை நடுவே, லண்டன் விசை அடியில்.

ஏணியை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஹைட்ரஜன் சல்பைடு மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்துவிட, அதைவிடச் சிறிய நீர் மூலக்கூறு 100 டிகிரி வரை தாக்குப்பிடிப்பதை அது விளக்குகிறது. அளவில் நெருங்கிய மூலக்கூறுகளுக்கு அது செல்லும். அதைத் தாண்டினால் வழுக்குகிறது. ஹைட்ரஜன் புளோரைடின் ஹைட்ரஜன் பிணைப்பு ஒவ்வொன்றும் தண்ணீருடையதைவிட வலுவானது. ஆனாலும் அது 19.5 டிகிரியில் கொதிக்கிறது, நம் ஊர் வெயிலில் வாயுதான். ஏணியின் அடிப்படியை மட்டும் நம்பியிருக்கும் அயோடினோ 114 டிகிரி வரை திண்மம். ஹைட்ரஜன் புளோரைடு மூலக்கூறில் 10 எலக்ட்ரான், அயோடின் மூலக்கூறில் 106. எலக்ட்ரான் கூடக் கூட லண்டன் விசையும் ஏறும். 1930-இல் ஃப்ரிட்ஸ் லண்டன் இந்த விசையைக் கணக்கிட்டுக் காட்டியபோது அதற்கு ஏணியில் கடைசிப் படி ஒதுக்கவில்லை. இந்த வட்டாரத்துத் தீப்பெட்டித் தொழிலில் குச்சியைத் தோய்க்கும் மெழுகு கட்டியாக நிற்பதும் அந்த விசையால்தான்.

இன்னொரு கோளாறு இதைவிட மோசம். அமெரிக்காவில் வேதியியல் கல்வி ஆய்வாளர் மெலனி கூப்பரின் குழு கல்லூரி மாணவர்களை எத்தனால் மூலக்கூறுகளை வரையச் சொல்லி, 2015-இல் முடிவை வெளியிட்டது. பெரும்பாலோர் ஹைட்ரஜன் பிணைப்பை ஒரே மூலக்கூறுக்குள், ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் நடுவில் போட்டிருந்தார்கள். நம் பாட மொழியும் இதற்கு உடந்தை: மூலக்கூறுக்குள் அணுக்களைக் கட்டும் சகப்பிணைப்பும் பிணைப்பு, ஹைட்ரஜன் பிணைப்பும் பிணைப்பு. தண்ணீரில் முதலாவதை அறுக்க மோலுக்கு ஏறத்தாழ 460 கிலோஜூல் வேண்டும். இரண்டாவதற்கு 20 போதும். வித்தியாசம் தெரியாதவன், தண்ணீர் கொதித்தால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரியும் என்று எழுதுவான். ஏணியை மட்டும் ஒப்பிப்பவனுக்கோ முழு மதிப்பெண் விழும்.

என் தீர்ப்பு: ஏணியைப் பாடத்தின் முதல் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும்; ஒப்பிடும் பயிற்சியில் பின்னால் வரட்டும். கேள்வித்தாள் எழுதும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘வலிமை வரிசை தருக’ என்பதை ஒரு வருடம் நிறுத்திவைத்து, மூன்று நீர் மூலக்கூறுகளை வரைந்து, கொதிக்கும்போது அறுவது எது என்று புள்ளிக்கோட்டில் காட்டச் சொல்லுங்கள்.