கொடுத்த பண்டிகையும் எடுத்த ஞாயிறும்

ஒவ்வொரு மார்கழியிலும் ஒரே வகைக் கட்டுரையை வாசிக்க நேர்கிறது. பௌத்தர்கள் எழுபது வீதமும் கிறிஸ்தவர்கள் ஏழு வீதமுமான இலங்கையில் நத்தார் எல்லோருடைய பண்டிகையுமாம். ரவையும் கஜுவும் சேர்த்த கேக் பௌத்த வீட்டுக்கும் சைவ வீட்டுக்கும் போகிறதாம். ஆகவே அது மத நல்லிணக்கத்தின் நாடாம். கேக் போவது உண்மை. பிழை அந்த 'ஆகவே'யில் இருக்கிறது.

ஃபஹாஹீலில் இருந்து வாசிப்பவருக்கு அந்தப் பிழை எளிதில் பிடிபடும். குவைத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு முதல் வேலைநாள். நத்தாருக்கு அரச விடுமுறை கிடையாது. இங்குள்ள கத்தோலிக்கத் தொழிலாளர் ஞாயிறு கடனை வெள்ளிக்கிழமையே நிறைவேற்ற, பக்கத்து அஹ்மதியிலுள்ள அரேபியாவின் அன்னை ஆலயத்துக்குப் போகிறார்கள். ஆலய வளவுக்குள் பண்டிகை கொண்டாடத் தடையில்லை. நாள் மட்டும் அவர்களுடையதல்ல.

அந்நிய நாட்டில் இது வியப்பல்ல என்போம். ஆனால் சொந்த நாட்டிலேயே இது நடந்ததை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? 1966 ஜனவரி முதல் டட்லி சேனநாயக்க அரசு ஞாயிறு விடுமுறையை ஒழித்தது. சந்திரனின் நான்கு நிலைகளையும் ஒட்டிய போயா நாட்களே வார விடுமுறையாயின. 1971 வரை இது நீடித்தது. இந்த ஐந்தாண்டுகளிலும் நத்தார் விடுமுறை தொடப்படவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. பெரும்பான்மையும் சேர்ந்து மகிழக்கூடிய பண்டிகை மிஞ்சியது. சிறுபான்மைக்கு மட்டுமே வழிபாட்டுக்குத் தேவைப்பட்ட நாள் போனது. முன்னது சலுகை, பின்னது உரிமை. சகிப்புத்தன்மையை அளக்க வேண்டியது இரண்டாவதைக் கொண்டுதான்.

பௌத்தர் தரப்பில் நியாயம் இருந்ததை மறைக்கத் தேவையில்லை. ஞாயிறு விடுமுறை காலனித்துவம் விட்டுச்சென்றது. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலம் தாக்கப்பட்டது. நீதி கிடைக்காத நிலையில் ஒல்கொட் லண்டன் சென்று முறையிட்டார். 1885இல்தான் வெசாக் விடுமுறையாயிற்று. வாழ்த்து அட்டை, கூட்டாகப் பாடும் பக்திப் பாடல் எனப் பல வடிவங்களை வெசாக் நத்தாரிடமிருந்தே எடுத்துக்கொண்டது. ஆகவே போயாவுக்கு விடுமுறை கேட்டது தவறல்ல. ஒருவருடைய நாளை மற்றவருடைய நாளின்மேல் ஏற்றிவைத்ததே தவறு. ஆண்டவனை மாற்றாமல் ஆசனத்தை மட்டும் மாற்றிய வேலை அது.

இனி நமது பக்கத்துக்கு வருவோம். அந்த அரசில் தமிழரசுக் கட்சி பங்காளி. அதன் சார்பில் மு. திருச்செல்வம் அமைச்சரவையில் இருந்தார். கட்சியின் தலைவர் செல்வநாயகமோ கிறிஸ்தவர். திருகோணமலையில் கோணேசர் கோயில் வளவைப் புனித நகராக்கும் விவகாரத்தில் திருச்செல்வம் 1968இல் பதவி துறந்தார். அது சரியான முடிவே. ஆனால் ஞாயிறு பறிபோனபோது கூட்டணி கலங்கவில்லை. மொழியுரிமையும் மாவட்ட சபையும் பேரத்தில் இருந்தன, அதைப் போட்டுடைக்க முடியாது என்று விளக்கம் சொல்லலாம். சொல்கிறவர்கள் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: சிறுபான்மைக்குள் சிறுபான்மையின் நாள், பெரிய உரிமைக்கான பேரத்தில் சில்லறைக் காசாயிற்று.

1971இல் ஞாயிறு திரும்பி வந்ததும் கிறிஸ்தவருக்காக அல்ல. உலகம் சனி ஞாயிறில் ஓய்வெடுக்க, துறைமுகமும் வங்கியும் சந்திரனைப் பார்த்து இயங்கிய சிரமமே பெரிய காரணம். ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரியில் சனி ஞாயிறை வார விடுமுறையாக்கியதும் உலகச் சந்தையோடு ஒத்துப்போகத்தான். அங்குள்ள கிறிஸ்தவருக்கு இதனால் ஞாயிறு கிடைத்தது. கிடைத்தது என்பதற்காக அது உரிமையாகிவிடாது. சந்தை தந்ததைச் சந்தையே எடுக்கலாம்.

இவ்வளவும் எழுதிவிட்டுச் சிங்களப் பேரினவாதத்தின் தலையில் பழியைப் போட்டு முடிப்பது நமக்குச் சுகமான வழக்கம். ஆனால் நாட்காட்டி நம்மையும் கேள்வி கேட்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் சில மணி நேரம். வெள்ளிக்கிழமையை விடுமுறையாக்குவதா இல்லையா என்ற விவாதத்துக்கே அங்கு இடமிருக்கவில்லை. அந்த நாளுக்கு உரியவர்களே துரத்தப்பட்டார்கள். நம்மில் பலர் அன்று மௌனமாக இருந்தோம். சிலர் காரணமும் சொன்னோம்.

இன்று ஃபஹாஹீலில் அதே வெள்ளிக்கிழமையில், முஸ்லிம்களுக்குரிய ஓய்வு நாளில், தமிழ்க் கத்தோலிக்கரும் சிங்களக் கத்தோலிக்கரும் பூசைக்குப் போகிறார்கள். பிறர் நாளில் தங்கி வாழ்வது எப்படியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தீர்வுத் திட்டங்கள் வரையும் நமக்கு அது தெரிந்திருக்கிறதா? நாம் கேட்கும் தாயகத்தின் நாட்காட்டியில் ஞாயிறும் வெள்ளியும் போயாவும் யாருடைய தயவில் இருக்கப் போகின்றன? இதற்கு விடை எழுதாத எந்தத் திட்டமும் 1966இன் மறுபதிப்பே.