வாரம் 20 மணி நேரம்: ஒரு அறிக்கை கேட்காத கேள்வி

அமெரிக்காவின் அரசுக் கணக்காய்வு அலுவலகம், கல்லூரி மாணவர்களின் பசியைப் பற்றி 2018 டிசம்பர் தேதியிட்டு ஒரு அறிக்கை போட்டது. போன வாரம் மறுபடி எடுத்துப் படிச்சேன். உழைப்பில் குறை சொல்ல முடியாது. 31 ஆய்வுகளைத் திரட்டி, அவற்றில் எதுவுமே நாடு முழுமைக்குமான கணக்கு இல்லைன்னும் ஒத்துக்கொள்கிறது. உணவு உதவிக்குத் தகுதி இருக்கக்கூடிய கிட்டத்தட்ட 20 லட்சம் மாணவர்கள் 2016-ல் அதை வாங்கியதாகச் சொல்லவில்லை என்பதுதான் அதில் எல்லாரும் மேற்கோள் காட்டும் வரி.

ஏன் வாங்கலை? விதி தெரியலை என்கிறது அறிக்கை. விசாரித்த 14 கல்லூரிகளில் 9-ல், அலுவலர்கள் சிலருக்கே விதி சரியா புரியலையாம். அதனால் உணவுத் துறை தன் இணையதளத்தில் தெளிவா எழுதணும்னு பரிந்துரை. அந்த 20 லட்சம் பேருக்கு இது உதவும், சரி. ஆனா எனக்கு இடிக்கிறது இங்கேதான்.

விதியைப் பாருங்க. 18 முதல் 49 வயதுக்குள் இருந்து, பாதி நேரத்துக்குக் குறையாமல் கல்லூரியில் சேர்ந்திருந்தால், எவ்வளவு ஏழையா இருந்தாலும் முதல் பதில் 'கிடையாது'. அப்புறம்தான் விலக்குகள்: வாரம் 20 மணி நேரம் சம்பள வேலை, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை, இப்படிச் சில. 17 மணி நேரம் வேலை பார்த்து, மிச்ச நேரத்தில் பரீட்சைக்குப் படிக்கிற பொண்ணு, வேறு விலக்கும் இல்லேன்னா, வெளியே. அதே பொண்ணு பாடங்களைக் குறைச்சு பாதி நேரத்துக்கும் கீழே போனா, இந்த மாணவர் தடையே அவளுக்குக் கிடையாது! படிப்பை விடச் சொல்ற மாதிரி இல்லையா இது?

வசதியான வீட்டுப் பிள்ளைங்க ஏழைக் கணக்கில் புகுந்துடக் கூடாதுங்கிற பயத்தில் 1980 வாக்கில் இறுக்கின விதி இது. இந்த வரலாற்றை அறிக்கையே சொல்லுது. சொல்லிட்டு, விதி இன்னும் பொருந்துதான்னு கேட்காம இணையதளத்துக்குப் போயிடுது. வெளியே நிறுத்தப்பட்டவங்க அந்த 20 லட்சத்துக்குள் வரவே மாட்டாங்க.

விதியைத் தளர்த்த முடியாதுன்னும் சொல்ல முடியாது. கொரோனா காலத்தில், கல்வி உதவி விண்ணப்பத்தில் குடும்பத்தால் கட்டக்கூடிய தொகை பூஜ்யம்னு வந்தாலே போதும்னு தற்காலிகமா விலக்கு கொடுத்தாங்க. ஏழையா இல்லையான்னு காட்ட அந்த விண்ணப்பமே போதுமானதா இருந்தது. 2023 நடுவில் அந்த விலக்கு முடிஞ்சுது, பழைய 20 மணி நேரக் கணக்கு திரும்பி வந்துடுச்சு.

(நம்ம ஊரிலிருந்து எஃப்-1 விசாவில் போறவங்க இந்தச் சர்ச்சைக்குள்ளேயே வரமாட்டாங்க. அவங்களுக்கு இந்த உதவி எந்த வழியிலும் கிடையாது.)