லோட்டஸ் 49: காதால் ஓட்ட வேண்டிய கார்

இத்தாலியின் குனோஸ் சிமுலாசியோனி நிறுவனம் 2014-இல் முழுமையாக வெளியிட்ட ரேஸிங் சிமுலேட்டர் 'அசெட்டோ கோர்சா'. அதில் எத்தனையோ நவீன கார்கள் உண்டு. ஆனால் எஞ்சின் வேகத்தை அடக்கி ஆளக் கற்றுக்கொள்ள, நான் கைகாட்டுவது லோட்டஸ் 49-ஐத்தான். நவீன ஜிடி3 கார்களில் தவறான நேரத்தில் கியரைக் குறைக்கச் சொன்னால், கணினியே மறுத்துவிடும். இங்கே தடுக்க ஆளில்லை. கிளட்ச், கியர் லீவர், ஆர்பிஎம் மீட்டர், உங்கள் காது ஆகியவைதான் துணை.

1967 ஜூனில் நெதர்லாந்தின் சாண்ட்வூர்ட் களத்தில் இந்த ஃபார்முலா 1 கார் அறிமுகமானது. முதல் பந்தயத்திலேயே ஜிம் கிளார்க் வென்றார். இதில் இருந்தது கீத் டக்வொர்த் வடிவமைத்த காஸ்வொர்த் டிஎஃப்வி எஞ்சின், 3 லிட்டர் வி8. 9,000 ஆர்பிஎம்மில் சுமார் 400 குதிரைத்திறன். 6,500-க்குக் கீழே சோம்பல், அதைத் தாண்டினால் திடீர்ப் பாய்ச்சல் என்பது தொடக்ககால டிஎஃப்வியின் குணம். ஓட்டுபவருக்குக் கிடைக்கும் இடம் அந்த 2,500 ஆர்பிஎம்தான்.

ஓட்டும் முன் செட்டிங்ஸில் ஆட்டோ கிளட்ச், ஆட்டோ பிளிப் (கியரை இறக்கும்போது ஆக்ஸிலரேட்டரைத் தானே தட்டும் உதவி) இரண்டையும் அணைத்துவிட்டு, மெக்கானிக்கல் டேமேஜை 100 சதவீதம் வையுங்கள். டேமேஜ் இல்லாவிட்டால் எஞ்சினை எவ்வளவு வதைத்தாலும் தண்டனை கிடையாது, பாடமும் கிடையாது.

1966-ஆம் ஆண்டு வடிவ மோன்சா களம் இதற்குத் தோதானது. வேகத்தைத் தடுக்கும் சிக்கேன்கள் அப்போது அங்கே இல்லை. நீண்ட நேர்ப்பாதையில் கியரைக் கூட்டுவது எளிது: முள் 9,000-ஐ நெருங்கும்போது மாற்றினால், அடுத்த கியரிலும் எஞ்சின் பாய்ச்சல் எல்லைக்குள்ளேயே விழும். மெதுவான வளைவிலிருந்து வெளியேறும்போது மட்டும் சற்று முன்னதாகவே கூட்டிவிடலாம். பின்சக்கரங்கள் வழுக்குவது குறையும்.

சோதனை பராபோலிகா வளைவுக்கு முன்னால் வருகிறது. நான்காவது கியரில் எஞ்சின் 7,500-இல் சுழல்கிறது, மூன்றுக்கும் நான்குக்கும் விகித வித்தியாசம் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணமே மூன்றாவது கியருக்கு இறக்கினால் எஞ்சின் 9,375-க்குத் தள்ளப்படும். முடுக்கும்போது எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றுகிறது. இறக்கும்போது சக்கரம் எஞ்சினைச் சுழற்றுகிறது. ரெவ் லிமிட்டர் பொருத்திய கார்களும் இதற்கு விலக்கல்ல. லிமிட்டர் எஞ்சினின் எரிதலை நிறுத்தலாம், உருளும் சக்கரத்தை நிறுத்த முடியாது. ஆகவே முதலில் பிரேக், வேகம் போதுமான அளவு குறைந்த பிறகே கியர், அதுவும் ஒவ்வொன்றாக.

ஆக்ஸிலரேட்டரைத் தட்டாமல் கிளட்சை விட்டாலும் ஆபத்துதான். மெதுவாகச் சுழலும் எஞ்சின் பின்சக்கரங்களைப் பிடித்து இழுக்க, கார் சுழன்றுவிடும். பாதத்தின் முன்பகுதியால் பிரேக்கை அழுத்தியபடியே, அதன் வலது ஓரத்தால் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டு தட்ட வேண்டும். பிரேக் அழுத்தம் மாறக்கூடாது. அழுத்தத்தை அளக்கும் லோட் செல் பிரேக் இருந்தால் இது விரைவில் கைகூடும். நகரும் தூரத்தை மட்டும் அளக்கும் பெடலில் கால் தடுமாறும்.

வீட்டு சிமுலேட்டரின் எல்லையும் இங்கேதான் தெரிகிறது. முதுகில் உறைக்கும் எஞ்சின் அதிர்வு வராது. கியர் லீவரின் மறுமுனையில் பல்சக்கரங்கள் இல்லாததால், பொருந்தாத வேகத்தில் மாற்றும்போது கைக்கு எதிர்ப்பும் தெரியாது. இந்த இழப்பை ஒலிதான் ஈடுகட்டுகிறது. நல்ல ஹெட்ஃபோன் போட்டுத் திரையின் கூடுதல் மீட்டர்களை மறைத்துவிட்டால், முள்ளைப் பார்க்காமலே சுதியை வைத்துக் கியர் மாற்றப் பழகலாம்.

கீபோர்டும் கேம்பேடும் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கார் வேண்டாம். மூன்று பெடலும் எச் வடிவ கியர் லீவரும் இருந்தால், எந்த நவீன காரையும் எடுக்கும் முன் இதில் பழகுங்கள். சுற்று நேரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எஞ்சின் புகையாமல் பத்துச் சுற்று முடிப்பதே முதல் இலக்கு.