மசில் ஷோல்ஸ்: ஆற்றுக்கு எதுக்கு கிரெடிட்?

'மசில் ஷோல்ஸ்' ஆவணப்படம் 2013இல் வந்தது. இயக்கம் கிரெக் 'ஃப்ரெடி' கமாலியர். நான் முதல்முறை பார்த்தது அதற்கு அடுத்த வருஷம். கோவையில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து நடத்திய சின்ன ரெக்கார்டிங் ஸ்டுடியோவை மூடி ஆறு மாதம் ஆகியிருந்தது. அன்றைக்குப் படம் முடிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. போன மாதம் மறுபடியும் பார்த்தேன். இந்தத் தடவை கலங்கவில்லை, எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சல் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்ததுதான் இந்தக் குறிப்பு.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டென்னசி ஆற்றங்கரையில் மசில் ஷோல்ஸ் என்று ஒரு சிற்றூர். அங்கே ரிக் ஹால் என்பவர் ஃபேம் என்ற ஸ்டுடியோவை நடத்துகிறார். 1961இல் பதிவான ஆர்தர் அலெக்சாண்டரின் பாட்டு ஒன்று ஹிட் ஆகிறது. அந்தப் பணத்தில் சொந்தக் கட்டடம் எழும்புகிறது. வில்சன் பிக்கெட் வருகிறார், 1967 ஜனவரியில் அரீதா ஃப்ராங்க்ளின் வருகிறார். பின்னணியில் வாசிக்கிற உள்ளூர் வெள்ளைக்காரப் பையன்கள்தான் அந்த சோல் இசையின் எலும்பும் நரம்பும். 1969இல் அவர்களில் நாலு பேர் – பேரி பெக்கெட் (கீபோர்ட்), ரோஜர் ஹாக்கின்ஸ் (டிரம்ஸ்), ஜிம்மி ஜான்சன் (கிட்டார்), டேவிட் ஹூட் (பேஸ்) – ஹாலை விட்டு விலகி, பக்கத்து ஊரான ஷெஃபீல்டில் சொந்தமாக மசில் ஷோல்ஸ் சவுண்ட் ஸ்டுடியோவைத் தொடங்குகிறார்கள். கதவு எண் 3614, ஜாக்சன் ஹைவே. சவப்பெட்டி ஷோரூமாக இருந்த கட்டடம் அது.

அழகாக எடுக்கப்பட்ட படம், அதில் சந்தேகமே இல்லை. அந்த அழகுதான் எனக்குப் பிரச்சினை. எந்தக் கேள்வி கேட்டாலும் படம் ஆற்றைக் காட்டுகிறது. இந்தச் சின்ன ஊரில் எப்படி இவ்வளவு பாட்டு? ஆறு. அந்த ஆற்றில் ஒரு பெண் பாடுகிறாள் என்ற யூச்சி பழங்குடியினரின் நம்பிக்கையைச் சொல்கிறார்கள். போனோ வந்து, பாட்டெல்லாம் சேற்றிலிருந்து முளைத்து வருகிறது என்கிற மாதிரி பேசுகிறார். மூடுபனி, பருத்திக் காடு, சூரிய அஸ்தமனம். எனக்கென்னவோ, யாராவது ஒருத்தர் கரண்ட் பில்லைப் பற்றிப் பேசமாட்டார்களா என்று இருந்தது.

கிண்டலுக்குச் சொல்லவில்லை. எங்கள் ஸ்டுடியோ பீளமேட்டில் ஒரு மோட்டார் காயில் கட்டுகிற கடைக்கு மேல் இருந்தது. ஆரம்பத்தில் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினோம். யாரோ சொன்னார்கள் என்று. முட்டை அட்டை அறைக்குள் இருக்கிற கீச்சென்ற எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். கீழே லேத் ஓடுகிற சத்தத்தை அது தடுக்காது. சத்தத்தைத் தடுக்கக் கனம் வேண்டும், இரண்டு சுவருக்கு நடுவில் காற்று இடைவெளி வேண்டும், ஓர் ஊசித் துவாரம்கூட இல்லாமல் அடைக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு வருஷமும், அப்பாவின் பி.எஃப். பணத்தில் பாதியும் ஆனது. அதுவரை ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் குரல் பதிவு. ஏசியை அணைத்துவிட்டுப் பாடச் சொல்வோம். பாடகர் வியர்த்துக் கொட்டி வெளியே வருவார். அந்த மூன்று வருஷத்தில் எங்கள் வாடகையைக் கட்டியது இசை இல்லை. நகைக்கடை விளம்பரமும், தேர்தல் சீசனில் ஆட்டோவில் போடுகிற பிரச்சார ஒலிப்பதிவும்தான். ஸ்டுடியோ நடத்துவது என்றால் பெரும்பாலும் இதுதான். மேஜிக் எப்போதாவது வரும், வராமலும் போகும். மாசம் ஒண்ணாம் தேதி மட்டும் தவறாமல் வரும்.

ஜாக்சன் ஹைவேயிலும் ஒண்ணாம் தேதி வந்திருக்கும். நாலு பேரும் பணக்காரர்கள் இல்லை. கருவிகள் வாங்க அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸின் ஜெர்ரி வெக்ஸ்லர் கடன் கொடுத்தார். முதலில் வந்தவர் ஷெர். அந்த ஆல்பத்தின் பெயரே ஸ்டுடியோவின் விலாசம்தான். ஆனால் அது விற்கவில்லை. அடுத்த வருஷமே வெக்ஸ்லர் மயாமி பக்கம் திரும்பி, அங்கே கிரைட்டீரியா ஸ்டுடியோவில் டிக்ஸி ஃபிளையர்ஸ் என்ற வேறொரு குழுவை வேலைக்கு வைத்துக்கொண்டார். கடன் கொடுத்த புரவலரே வேறு ஊருக்குப் போய்விட்ட நிலையில், கையில் எட்டு டிராக் மெஷினோடு அலபாமாவில் உட்கார்ந்திருக்கும் நாலு நண்பர்கள். என்னைக் கேட்டால் இதுதான் படம். அந்த மாதங்களில் அவர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள்? யார் வீட்டில் சண்டை நடந்தது? லாபத்தை எப்படிப் பிரித்தார்கள்? இதையெல்லாம் கேட்டு ஒரு முழுப் படம் எடுத்திருக்கலாம்.

அதற்குப் பதிலாகப் படம் அந்தப் பிரிவை ஹாலின் பார்வையிலிருந்து, ஒரு துரோகமாகக் கட்டுகிறது. ஹாலின் வாழ்க்கை அப்படிப்பட்டது. சின்ன வயதில் தம்பி கொதிநீரில் விழுந்து இறந்தான். அம்மா விட்டுவிட்டுப் போனார். முதல் மனைவி கார் விபத்தில் போனார். அப்பாவுக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்த டிராக்டரே அவரைக் கொன்றது. இத்தனையும் அடுக்கிய பிறகு, "அப்புறம் நாலு பசங்களும் விட்டுட்டுப் போயிட்டாங்க" என்று வரும்போது, அதுவும் அந்த வரிசையில் இன்னொரு சாவு மாதிரி ஆகிவிடுகிறது. திரைக்கதையாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம். ஆனால் நியாயமா?

ஏனென்றால் இது முதல் பிரிவே இல்லை. ஃபேமில் அதற்கு முன்னால் இருந்த குழு – நார்பர்ட் புட்னம், டேவிட் பிரிக்ஸ், ஜெர்ரி காரிகன் – 1960களின் நடுவிலேயே நாஷ்வில்லுக்குப் போய்விட்டது. காரணம் ரொம்ப எளிமையானது: அங்கே கூலி அதிகம். புட்னமும் பிரிக்ஸும் பின்னாளில் அங்கே குவாட்ரஃபோனிக் என்று சொந்த ஸ்டுடியோவே வைத்தார்கள். ஆக, ஒரே முதலாளியிடமிருந்து இரண்டு குழுக்கள், சில வருஷ இடைவெளியில், போய்விட்டன. ஒருமுறை நடந்தால் துரோகம் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது முறையும் நடந்தால் சம்பளப் புத்தகத்தைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அவர்கள் செய்த வேலையைக் கொஞ்சம் கவனியுங்கள். எழுதிவைத்த இசைக்குறிப்பு கிடையாது. பாட்டைக் கேட்பார்கள், அங்கேயே வாசித்து வாசித்து அமைப்பார்கள். எந்த இடத்தில் பேஸ் நிற்க வேண்டும், டிரம்ஸ் எங்கே ஒரு நூல் தாமதமாக விழ வேண்டும் என்பதெல்லாம் அந்த அறையில் முடிவாவது. பாட்டை நாம் அடையாளம் காண்பதே பல சமயம் அதை வைத்துத்தான். ஆனால் காகிதத்தில் 'இயற்றியவர்' என்ற கட்டத்தில் அவர்கள் பெயர் வராது. செஷன் கூலியோடு சரி. நம்ம ஊர் கேசட் அட்டைகளில் வயலின், தபலா வாசித்தவர்களின் பெயரைத் தேடிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இதில் அவர்களைவிட மோசமாகப் பாதிக்கப்பட்டவர்கள் பாடகர்கள். பெர்சி ஸ்லெட்ஜ் மருத்துவமனை உதவியாளராக இருந்தவர். 1966இல் அவர் பாடிய 'வென் எ மேன் லவ்ஸ் எ உமன்' அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. மெட்டு தன்னுடையது என்று ஸ்லெட்ஜ் பிற்பாடு சொன்னார். ஆனால் பதிவில் இயற்றியவர்களாக இருப்பது அவருடைய இசைக்குழுவைச் சேர்ந்த கால்வின் லூயிஸும் ஆண்ட்ரூ ரைட்டும். நண்பர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். காகிதத்தில் அன்றைக்கு என்ன எழுதியதோ, அதுதான் அடுத்த ஐம்பது வருஷத்துக்கு. அந்த ஸ்டுடியோக்களின் கதவுக்குள் கருப்பு வெள்ளை பேதம் இல்லை என்று படம் பெருமையோடு சொல்கிறது. கவர்னர் ஜார்ஜ் வாலஸ் பல்கலைக்கழக வாசலில் மறித்து நின்ற காலத்து அலபாமாவில் அது சின்ன விஷயம் இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மைக்குக்கு முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் கருப்பர்கள், கட்டடத்தின் பத்திரம் ஃபேமிலும் சரி ஜாக்சன் ஹைவேயிலும் சரி வெள்ளைக்காரர்கள் பெயரில் என்பதைப் படம் ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டு நிற்கவில்லை.

ரோலிங் ஸ்டோன்ஸ் வந்த பகுதிக்கு வருவோம். 1969 டிசம்பர் 2 முதல் 4 வரை, மூன்று நாள், மூன்று பாட்டு. ஸ்டுடியோவின் புகழே அதற்கப்புறம்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், ஸ்டுடியோவின் சொந்தக்காரர்களான நாலு வாத்தியக்காரர்களும் அதில் வாசிக்கவில்லை. ஜிம்மி ஜான்சன் மட்டும் என்ஜினியராக ராத்திரி முழுக்க டேப்போடு உட்கார்ந்திருந்தார். 'வைல்ட் ஹார்ஸஸ்' பாட்டில் பியானோ வாசித்தது மெம்ஃபிஸிலிருந்து வந்திருந்த ஜிம் டிக்கின்சன். ஸ்டோன்ஸின் சொந்தப் பியானோக்காரர் இயன் ஸ்டூவர்ட்டுக்கு மைனர் கார்டு என்றாலே ஆகாது, அதனால் இவர் உட்கார நேர்ந்தது. டிக்ஸி ஃபிளையர்ஸும் இவர் குழுதான்! இப்படித்தான் உலகம் சுற்றுகிறது. வாசிப்பவனாக இருந்தவன் முதலாளி ஆனால், தன் அறையில் இன்னொருத்தன் வாசிப்பதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்க வேண்டியதுதான். அந்த இடமாற்றம் எப்படி இருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். நானும் கீபோர்ட் வாசித்துக்கொண்டிருந்தவன்தான். ஸ்டுடியோ ஆரம்பித்த பிறகு பில் புத்தகம்தான் வாசித்தேன்.

அந்த மூன்று நாளின் நிஜமான சாட்சியம் வேறொரு படத்தில் இருக்கிறது. மேஸல்ஸ் சகோதரர்களும் சார்லட் ஸ்வெரினும் எடுத்த 'கிம்மி ஷெல்டர்' (1970). அதில் சில நிமிஷம் இந்த ஸ்டுடியோ வருகிறது. 'வைல்ட் ஹார்ஸஸ்' டேப்பைப் போட்டுக் கேட்கிறார்கள். யாரும் எதையும் விளக்கவில்லை. கேமரா முகங்களில் நிற்கிறது. கீத் ரிச்சர்ட்ஸ் கண்ணை மூடிக் கிடக்கிறார். சார்லி வாட்ஸ் கேமராவையே வெறித்துப் பார்க்கிறார். களைப்பு, கொஞ்சம் சந்தோஷம், 'சரியா வந்திருக்கா இல்லையா' என்ற சந்தேகம் எல்லாம் அந்த முகங்களில் இருக்கிறது. பிளேபேக் கேட்கும்போது யாரும் யார் கண்ணையும் பார்க்கமாட்டார்கள். இது ஸ்டுடியோவில் ஒரு ராத்திரி உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். கமாலியரின் படம் முழுக்கத் தேடிய விஷயம், ஆறும் மூடுபனியும் இல்லாமல், இங்கே கிடைத்துவிடுகிறது.

கமாலியருக்கும் ஒரு இடத்தில் அது கிடைத்திருக்கிறது, சொல்லாமல் விடக்கூடாது. கடைசியில் ஹாலும் அந்தப் பழைய ஆட்களும் ஃபேமில் மறுபடி கூடுகிறார்கள், அலிஷியா கீஸ் பாடுகிறார். பாட்டு எனக்குப் பெரிசாகப் படவில்லை. ஆனால் வயதான ஹாக்கின்ஸ் ஸ்டிக்கைப் பிடித்திருக்கிற விதத்தைப் பாருங்கள். எதையும் நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லாத கை. பேசாமல் அந்தக் கையையே இன்னும் கொஞ்ச நேரம் காட்டியிருக்கலாம்.

சரி, 2014இல் நான் ஏன் அழுதேன் என்று சொல்லவில்லையே. எங்கள் ஸ்டுடியோவில் நான்தான் ஹால். பணம் என் அப்பாவுடையது, வாடகை ஒப்பந்தம் என் பேரில், மைக் பில்லெல்லாம் என் பேரில். டிரம்ஸ் வாசிப்பவன் ஒருத்தன், மிக்ஸிங் பார்ப்பவன் ஒருத்தன். 'மூணு பேருக்கும் சமம்' என்று டீக்கடையில் சொன்னேன், எழுதவில்லை. மூன்றாம் வருஷம் இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்பி சாய்பாபா காலனியில் தனியாக ஆரம்பித்தார்கள். நான் ஊரெல்லாம் துரோகம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஹாலின் முகத்தைத் திரையில் பார்த்ததும், நம்ம கதையை எவனோ எடுத்திருக்கிறான் என்று தோன்றிவிட்டது.

போன மாதம் படம் முடிந்ததும் பரணிலிருந்து எங்கள் செஷன் நோட்டை எடுத்தேன். நீல அட்டை போட்ட லாங் சைஸ் நோட்டு. தேதி, யாருடைய வேலை, எத்தனை மணி நேரம், ராத்திரி யார் இருந்தது என்று எல்லாம் இருக்கிறது. 'ராத்திரி' பத்தியில் பக்கம் பக்கமாக அவர்கள் இரண்டு பேரின் இனிஷியல். என்னுடையது அங்கங்கே. 'கொடுத்தது' என்ற பத்தியை நானே கோடு போட்டு வைத்திருக்கிறேன். முதல் வருஷம் நிரம்பியிருக்கிறது. இரண்டாம் வருஷத்தில் பாதிக்கு மேல் காலி. மூன்றாம் வருஷம் அந்தப் பத்திக்குக் கோடே போடவில்லை.

இரண்டு பக்கத்தைப் போட்டோ எடுத்து டிரம்ஸ்காரனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எட்டு வருஷமாகப் பேச்சில்லை. ஒரு நாள் முழுக்கப் பதில் வரவில்லை. மறுநாள் காலை வந்தது: "மாப்ள, அந்த மார்ச்சுல ரெண்டு நைட் எழுதாம வுட்டுருக்கே பாரு."