மேடையிலிருந்து திரைக்கு: ‘கணசத்துரு’ குறித்த சில சிந்தனைகள்

ஹென்றிக் இப்சன் 1882இல் எழுதிய ‘மக்களின் பகைவன்’ என்னும் நாடகத்தை வங்காளச் சூழலுக்கு இயைபுபடுத்திச் சத்யஜித் ராய் 1989இல் ‘கணசத்துரு’ என்ற திரைப்படமாக்கினார். இது திரைப்படமன்று, படம்பிடிக்கப்பட்ட நாடகமே என்ற கண்டனம் அன்றே எழுந்தது. 1983இல் இருதய நோய்க்குட்பட்ட ராய், மருத்துவர் ஆலோசனைப்படி கலையகத்தினுள்ளேயே படம்பிடிக்க நேர்ந்தது என்பது உண்மை. கதை பெரும்பாலும் அறைகளுள் உரையாடலாகவே நடைபெறுகின்றது. ஆயினும் அறைக்குள் அடங்கியமையை மட்டும் ஒரு குறையாகக் கொள்ள நாம் தயாராக இல்லை. நாடகத்தின் சமூக உறவுகள் திரையில் என்னவாயின என்பதே நமது வினா.

இப்சனின் வைத்தியர் ஸ்டொக்மான், தமது நகரின் வருவாய்க்கு ஆதாரமான நீராடு நிலையத்தின் நீர் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் நஞ்சாகியிருப்பதைக் கண்டறிகிறார். பத்திரிகையாளரும் வீட்டுடைமையாளர் சங்கத்தவரும் முதலில் அவர் பக்கமே நிற்கின்றனர். திருத்த வேலைக்கான செலவு நகரமக்களின் வரியாகவே வருமென நகரத் தலைவரான அவரது சகோதரர் உரைத்ததும் அவர்கள் மறுபக்கம் சாய்கின்றனர். மத்தியதர வர்க்கத்தின் தாராளவாதம் எந்த இடத்தில் முறிகின்றது என்பதை இத்துணைச் சுருக்கமாகக் காட்டிய காட்சி நாடக இலக்கியத்தில் அரிது. நான்காம் அங்கத்தில், பெரும்பான்மை ஒருபோதும் சரியாயிராது என வைத்தியர் முழங்குகிறார். உயர்சாதி நாய்களையும் தெருநாய்களையும் உவமை காட்டி மக்களைத் தரம் பிரிக்கிறார். முற்போக்கு வாசகருக்கு இப்பேச்சு என்றும் இடர்ப்பாடானதே. 1950இல் இந்நாடகத்தைத் தழுவிய ஆர்தர் மில்லரும் அப்பகுதியை மாற்றியமைத்தார்.

ராயின் சண்டிப்பூரில் செங்கமாரி பரவுகிறது. மாசடைந்தது கோயில் தீர்த்தம். துளசியும் கங்கைநீரும் சேர்ந்த தீர்த்தம் மாசடையாது என்பது கோயில் தரப்பாரின் வாதம். பொதுக்கூட்டத்தில் நகரசபைத் தலைவரான தம்பி, வைத்தியர் அசோக் குப்தாவை நோக்கி, நீர் இந்துவா என வினவுகிறார். நீர்க்குழாய் பற்றிய விவாதம் அக்கணமே சமய விசுவாசம் பற்றிய விசாரணையாகி விடுகின்றது. 1992 டிசம்பரில் அயோத்தியில் நிகழ்ந்ததை அறிந்த நாம் இன்று இக்காட்சியைக் காணும்போது, ராய் தமது காலத்தின் நாடியைச் சரியாகவே பிடித்திருந்தார் என்று கூறத் தோன்றுகின்றது. இது தழுவலின் பெரும் பேறு. ஆனால் இதற்கொரு விலையும் உண்டு. யாத்திரிகரால் வரும் வருவாய் பேசப்படினும், வரி என்ற ஒரு சொல்லில் இப்சன் அம்பலப்படுத்திய வர்க்கநலன் நம்பிக்கையின் நிழலில் மங்கிப் போகின்றது. மக்கள் நலன்களால் பிளவுண்டவராக அன்றி, அறியாமையால் ஒன்றுபட்டவராகவே தோன்றுகின்றனர்.

முடிவில் ராய் இப்சனை நேரடியாகவே மறுக்கிறார். தனித்து நிற்பவனே மிக வலியவன் என்பது ஸ்டொக்மானின் இறுதி நிலைப்பாடு. குப்தாவோ தனித்தவரல்லர், நாடகக்குழு சார்ந்த இளைஞர்கள் அவர் பெயரை முழங்கியவாறு வருகின்றனர். கருத்தளவில் இம்மாற்றத்தை நாம் முழுமனத்துடன் வரவேற்கிறோம். எனினும் அவ்வூர்வலம் நமக்குக் கேட்கிறதேயன்றிக் காணக் கிடைப்பதில்லை. கமரா இறுதியில் ஸ்டெதஸ்கோப்பையும் தீர்த்தப் போத்தலையும் அருகருகே காட்டி அமைகின்றது. நோய்வாய்ப்பட்ட கலைஞரிடம் வீதிக்காட்சியை எதிர்பார்த்தல் நியாயமா எனக் கேட்கப்படலாம். ஆனால் இப்சனின் கூட்டத்துக்கும் வீதி தேவைப்படவில்லை. அது கப்டன் ஹோர்ஸ்டரின் வீட்டு அறைக்குள்ளேயே, குடிகாரன் ஒருவனையும் சேர்த்துக்கொண்டு, வந்து நிறைந்தது. பகைத்த மக்களுக்கு மேடையில் கிடைத்த அவ்விடம், ஆதரித்த மக்களுக்குத் திரையில் கிடைக்கவில்லை.