மூட்டுக்குள் ஒரு மில்லிகிராம்

மூளையைத் தொடாத மார்பின் என்ற பேச்சு மறுபடி சூடுபிடித்திருக்கிறது. மூச்சை அடக்காது, அடிமையாக்காது, வீங்கிய இடத்தில் மட்டும் வேலை செய்யும் என்கிறார்கள். வீக்கத்தால் அமிலத்தன்மை ஏறிய திசுவில் மட்டும் ஓபியாய்டு ஏற்பியைப் பற்றிக்கொள்ளும் ஃபெண்டனில் மாற்றுரு ஒன்றை பெர்லினின் கிறிஸ்டோஃப் ஷ்டைன் குழு 2017இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட பிறகு இந்த நம்பிக்கைக்குத் தனி வேகம் வந்துவிட்டது.

அடிப்படை அறிவியலை நான் மறுக்கவில்லை. நரம்பு நுனிகளில் ஓபியாய்டு ஏற்பிகள் இருக்கின்றன. அழற்சி கண்ட இடத்துக்கு வெள்ளணுக்கள் எண்டார்ஃபினைச் சுமந்து வருகின்றன. பேதிக்கு நாம் போடும் லோபராமைடு குடலிலுள்ள ஏற்பிகளில்தான் வேலை செய்கிறது.

ஆனால் மனிதனின் வலி தணிகிறதா? நெடுநாளாக நான் கேட்டுவரும் கேள்வி இது. ஆய்வுக்கூடத்தில் நடப்பதைப் பாருங்கள். எலியின் பின்னங்கால் பாதத்தில் ஃப்ராயிண்ட் துணைமருந்தை ஏற்றுகிறார்கள். பாதம் வீங்கிச் சிவக்கிறது. மருந்தைக் கொடுத்துவிட்டுப் பாதத்தை அழுத்துகிறார்கள். எந்த அழுத்தத்தில் எலி காலை இழுத்துக்கொள்கிறதோ, அதுதான் அளவு. காலை இழுப்பது நொடிப்பொழுதுச் செயல். பத்து வருடமாக முழங்கால் தேய்ந்து, மாடிப்படியைக் கண்டாலே மலைத்து, இரவில் புரண்டு படுக்கவும் யோசிப்பவரின் வலி அந்த எண்ணுக்குள் எங்கே இருக்கிறது? அவரது வலியில் முதுகுத்தண்டும் மூளையும் எப்போதோ பங்காளிகளாகிவிட்டன. மூட்டிலுள்ள ஏற்பியை மட்டும் தட்டினால் போதுமென்று எந்த எலி சொன்னது?

மனிதச் சான்று என்று காட்டுவது பெரும்பாலும் முழங்கால்தான். ஆர்த்ராஸ்கோபி முடிந்ததும் மூட்டுக்குள் 1 மில்லிகிராம் மார்பின் செலுத்தினால் வலி குறைகிறது, ஓபியாய்டு ஏற்பியை அடைக்கும் நலாக்ஸோனைச் சேர்த்தால் அந்தப் பலன் மங்குகிறது என்று ஷ்டைன் 1991இல் எழுதினார். அழகான சோதனை. ஆனால் அந்த அறுவைக்குப் பின் பலருக்கு வலியே பெரிதாக இருப்பதில்லை. இல்லாத வலியை எந்த மருந்தும் குறைத்துக்காட்ட முடியாது. நார்வேயில் ரோஸ்லான் குழு, கணிசமான வலி உள்ளவர்களை மட்டும் தேர்ந்து மூட்டுக்குள் வெறும் உப்புநீரைச் செலுத்தியது. 1 மில்லிலிட்டர் செலுத்தியபோதும் வலி இறங்கியது, 10 செலுத்தியபோதும் இறங்கியது. 2004இல் வந்த முடிவு இது. இதற்குப் பிறகும் 1991ஐ மட்டுமே மேற்கோள் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு மில்லிகிராம் மார்பின் போலிமருந்தைவிட மேலானது என்பதற்குத் தரமான சான்று இல்லை என்று 2016இல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த கோக்ரேன் ஆய்வும் சொல்லிவிட்டது.

அடுத்த தலைமுறை மருந்துகளும் இதே கதைதான். மூளைக்குள் எளிதில் நுழையாத டிஃபெலிகெஃபாலின் என்ற ஓபியாய்டை வலிக்கும் சோதித்துப் பார்த்தார்கள். 2021இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது டயாலிசிஸ் நோயாளிகளின் அரிப்புக்கு.

ஆய்வாளர்களே, இன்னொரு வீங்கிய பாதம் வேண்டாம். ஊசி போடும் முன் நோயாளியிடம் வலி எவ்வளவு என்று கேளுங்கள். பக்கத்தில் உப்புநீரையும் வையுங்கள். மூன்று மாதம் கழித்து அவர் படியேறுகிறாரா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.