பிழையைக் காட்ட இணையம், தீர்ப்புக்கு ஆய்வகம்

ஒரு காலத்தில் அறிவியல் சர்ச்சைகள் ஆய்விதழ்களின் கடிதப் பகுதியில் மாதக்கணக்கில் நடந்தன. பொதுமக்கள் காதுக்கு அவை எட்டுவதே அரிது. இப்போது நிபுணர்கள் எல்லோர் கண்முன்னாலும் இணையத்திலேயே வாதிடுகிறார்கள். இதனால் விவாதத்தின் தரம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? இரண்டு சர்ச்சைகள் இதற்குத் தெளிவான பதிலைத் தருகின்றன.

கலிபோர்னியாவின் மோனோ ஏரியில் கிடைத்த ஒரு பாக்டீரியா, பாஸ்பரஸ் இல்லாத இடத்தில் ஆர்சனிக்கைக் கொண்டு வளர்கிறது, தன் டிஎன்ஏவிலும் அதைச் சேர்த்துக்கொள்கிறது என்று 2010 டிசம்பரில் ஃபெலிசா வுல்ஃப்-சைமன் குழு 'சயின்ஸ்' இதழில் அறிவித்தது. நாசா பத்திரிகையாளர் சந்திப்பு நடத்தி உலகுக்குச் சொன்னது. சில நாட்களிலேயே கனடாவின் நுண்ணுயிரியலாளர் ரோஸி ரெட்ஃபீல்ட் தன் வலைப்பதிவில் விரிவான மறுப்பை எழுதினார். வளர்ப்புக் கரைசலில் மாசாகக் கலந்திருந்த பாஸ்பேட்டே பாக்டீரியா வளரப் போதுமானது, டிஎன்ஏவைச் சரியாகச் சுத்திகரிக்கவில்லை என்பவை அவருடைய முக்கிய வாதங்கள். இதழின் மதிப்பீட்டாளர்களைத் தாண்டி வந்துவிட்ட குறைகளை இணையம் ஒரே வாரத்தில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. இணைய விவாதத்தின் பெரிய பலம் இதுதான். பதவியும் இதழின் பெயரும் அங்கே வாதத்துக்குக் கேடயமாவதில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மதிப்பீடு பெற்ற ஆய்விதழில்தான் பதில் சொல்வோம் என்று கட்டுரையாளர்கள் ஒதுங்கினார்கள். அது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகப் பலருக்குத் தோன்றியது. ஆயினும் வாதத்தால் மட்டும் இதைத் தீர்க்க முடியாது என்பதும் உண்மை. ரெட்ஃபீல்ட் அதை உணர்ந்து, அதே பாக்டீரியாவை வாங்கிச் சோதனையைத் தாமே செய்தார், முடிவுகளை உடனுக்குடன் பொதுவில் வைத்தார். 2012இல் அவர் குழுவின் மறுப்பும், வேறொரு குழுவின் மறுப்பும் 'சயின்ஸ்' இதழிலேயே வந்தன. அந்த இதழ் மூலக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது 2025இல்தான். மோசடி எதுவும் நடக்கவில்லை என்று இதழே சொன்னது. அப்படியிருந்தும் இடைப்பட்ட காலத்தில் ஆய்வைத் தாண்டி ஆய்வாளர் மீதே வசை பாய்ந்தது. குறையைச் சுட்டுவதும் ஆளைக் குத்துவதும் ஒரே மேடையில் நடப்பது இந்த முறையின் பெரிய ஊனம்.

இரண்டாவது சர்ச்சை உயிர் சம்பந்தப்பட்டது. கொரோனா காற்றில் பரவாது என்பதை 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம் 'உண்மை' என்று தலைப்பிட்டு ட்விட்டரில் பதிவிட்டது. காற்றில் மிதக்கும் நுண்துகள்களை ஆராய்பவர்கள் உடனே எதிர்த்தார்கள். தட்டம்மையைப்போலத் தொலைவுக்குப் பரவுகிறதா என்பது மருத்துவமனைத் தொற்றுத் தடுப்பு நிபுணர்களின் கவலையாக இருந்தது. மூடிய அறையில் மூச்சோடு வெளிவரும் துகள் எவ்வளவு நேரம் மிதக்கும் என்பது நுண்துகள் ஆய்வாளர்களின் கேள்வி. ஒரு பதிவின் அளவுக்குள் இந்த வேறுபாட்டை விளக்க இடமில்லை. ஒருமுறை உறுதியாகச் சொல்லிவிட்டதைப் பொதுவெளியில் திருத்துவதும் எளிதாக இல்லை. காற்றுவழிப் பரவலைக் கணக்கில் எடுக்குமாறு அந்த ஆண்டு ஜூலையில் லிடியா மொராவ்ஸ்கா, டொனால்ட் மில்டன் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதிய வேண்டுகோளை 239 அறிவியலாளர்கள் ஆதரித்தார்கள். நிறுவனத்தின் பொது விளக்கம் தெளிவாக மாறியதோ 2021 ஏப்ரல் இறுதியில். சன்னல்களைத் திறந்து வையுங்கள் என்ற எளிய அறிவுரை உரக்க ஒலிக்க வேண்டிய மாதங்கள் அவை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அளவுகோல் புலப்படுகிறது. முறையையும் தரவையும் மேசைமேல் விரித்து, நீண்ட எழுத்தில், நிதானமாக வாதிடும்போது இணையம் சிறந்த மதிப்பீட்டாளர். சான்று இன்னும் முழுமையடையாத நிலையில், சில வரிகளில் முடிவை அறிவிக்கும்போது அது நிபுணரையும் கட்சிக்காரராக்கிவிடுகிறது. பிழையைக் கண்டுபிடிப்பதில் அதன் வேகம் ஈடற்றது. முடிவை உறுதிசெய்யும் வேலை ஆய்வகத்துக்கும் காலத்துக்கும் உரியது.

வாசகர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஒரு நிபுணரை எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று பார்க்காதீர்கள். எதிர்வாதத்தைத் திரிக்காமல் எடுத்துரைக்கிறாரா, எந்தச் சான்று கிடைத்தால் கருத்தை மாற்றிக்கொள்வார் என்று சொல்கிறாரா, தவறியபோது வெளிப்படையாகத் திருத்துகிறாரா என்று பாருங்கள். இந்த மூன்றும் உள்ளவரின் பேச்சுக்குச் செவிகொடுங்கள்.